கர்னல் ஐஓ ட்ரேஸ் ஸ்கிரிப்ட்: கேளுங்க, சொல்றேன்

டிஸ்க்குக்குப் போற வர ஐஓவை, அதாவது எழுதறது படிக்கிறதை, லினக்ஸோட மையமான கர்னலுக்குள்ள ட்ரேஸ் பண்ற ஸ்கிரிப்ட்களை வருஷக்கணக்கா பராமரிச்சுட்டு வரேன். எழுதறது ஒரு நாள் வேலை, அதை உயிரோட வச்சிருக்கிறதுதான் பெரிய பாடு. அதைப் பத்தி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன், எல்லாமே லினக்ஸை வச்சுதான்.

கேள்வி: அக்கா, நல்லா ஓடிட்டிருந்த ஸ்கிரிப்ட், கர்னல் அப்கிரேட் பண்ண மறுநாளே பிஎல்கே_அக்கவுண்ட்_ஐஓ_ஸ்டார்ட்டுங்கிற ஃபங்ஷன் இல்லன்னு சொல்லி நின்னுடுச்சு. என்ன தப்பு பண்ணேன்?

நீங்க ஒரு தப்பும் பண்ணல தம்பி, கேப்ரோப், அதாவது கர்னல் ஃபங்ஷன் பேரைச் சொல்லி அதுல மாட்டற கொக்கி, அதை வச்சு எழுதினவங்க எல்லாருக்கும் இது நடந்திருக்கு. கர்னல் 5.16ல அந்த ஃபங்ஷனை வேகத்துக்காக இன்லைன் பண்ணிட்டாங்க, அதாவது அதோட கோடு கூப்பிடற இடத்துலயே கரைஞ்சு போயிடுச்சு, தனியா அந்தப் பேர்ல ஒண்ணும் இல்ல, அப்புறம் கேப்ரோப் எதுல போய் மாட்டும்? முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்ட இன்னொரு பேர்ல உள்பகுதி மட்டும் தனியா இருந்துச்சு, கொஞ்ச நாள் எல்லாரும் அதைப் பிடிச்சு சமாளிச்சோம். கடைசியா 6.5ல பிளாக்_ஐஓ_ஸ்டார்ட், பிளாக்_ஐஓ_டன்னு ரெண்டு ட்ரேஸ்பாயிண்ட்டையே, அதாவது ட்ரேஸ் பண்றதுக்குன்னே கர்னல்காரங்க வைக்கிற இடத்தையே, சேர்த்துட்டாங்க. கர்னலுக்குள்ள இருக்கிற ஃபங்ஷன் பேர் நமக்குக் கொடுத்த வாக்கு கிடையாது, அவங்க எப்ப வேணா மாத்துவாங்க. ட்ரேஸ்பாயிண்ட் இருந்தா அதுலயே மாட்டுங்க, கேப்ரோப் வேற வழியே இல்லன்னா மட்டும்.

கேள்வி: அப்ப ட்ரேஸ்பாயிண்ட்டுக்கு மாறிட்டா கவலையில்லாம இருக்கலாமா?

பெரும்பாலும் ஆமா, முழுசா இல்ல. டிஸ்க்குக்கு அனுப்பற ஒவ்வொரு வேலையும் ஒரு ரிக்வெஸ்ட், அது போறப்ப வர்ற ட்ரேஸ்பாயிண்ட்தான் பிளாக்_ஆர்க்யூ_இஷ்யூ. 5.11ல அதோட முதல் ஆர்க்யுமெண்ட்டா இருந்த க்யூவைத் தூக்கிட்டு ரிக்வெஸ்ட்டை மட்டும் விட்டாங்க. சாதாரண ட்ரேஸ்பாயிண்ட்டா ஃபீல்டு பேர் சொல்லிப் படிச்சவங்களுக்கு ஒண்ணும் ஆகல, பேர் இல்லாம வரிசையை வச்சே படிக்கிற ரா ட்ரேஸ்பாயிண்ட்ல ரெண்டாவது ஆர்க்யுமெண்ட்தான் ரிக்வெஸ்ட்னு எழுதி வச்சவங்க மாட்டிக்கிட்டாங்க. அதே மாதிரி 5.17ல ரிக்வெஸ்ட் ஸ்ட்ரக்ட்ல இருந்த ஆர்க்யூ_டிஸ்க்கை எடுத்துட்டாங்க, இப்ப க்யூ வழியா சுத்திப் போய்தான் டிஸ்க்கைப் பிடிக்கணும். ட்ரேஸிங் டைரக்டரில ஒவ்வொரு ஈவெண்ட்டுக்கும் ஃபார்மேட்னு ஒரு ஃபைல் இருக்கும், புது கர்னல் வந்ததும் பழசோட அதை டிஃப் போட்டுப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

கேள்வி: எரர் எதுவும் வராம ஓடுது மேடம், ஆனா வர்ற எண் சரியான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

இந்தக் கேள்வி வரணும்னுதான் காத்திட்டிருந்தேன். செத்துப்போற ஸ்கிரிப்ட்டால பெரிய நஷ்டம் இல்லங்க, அன்னைக்கே தெரிஞ்சிடும், சரி பண்ணிடுவோம். ஓடிக்கிட்டே பொய் சொல்ற ஸ்கிரிப்ட்தான் ஆபத்து. முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு அப்கிரேடுக்கு அப்புறம் டிஸ்க் லேட்டன்சி பாதியா குறைஞ்சிடுச்சுன்னு கிராஃப் காட்டுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், நானும் நம்பிட்டேன். மூணு வாரம் கழிச்சு, கர்னலோட சொந்தக் கணக்கைக் காட்டற ஐஓஸ்டாட் கமாண்டோட ஒப்பிட்டப்பதான் தெரிஞ்சுது, நாங்க பிடிச்சிருந்த ஃபங்ஷன் அதே பேர்ல இருந்துச்சு, ஆனா அதே ஃபைல்ல இருந்த அதைக் கூப்பிடற ஒரு இடத்துல மட்டும் கம்பைலர் அதை இன்லைன் பண்ணிடுச்சு, அந்த வழியா போன ரிக்வெஸ்ட் ஒண்ணுகூட எங்க கண்ணுல படல. மெதுவானது எல்லாம் அந்த வழியாதான் போயிட்டிருந்துச்சு. மூணு வாரம் தப்பான எண்ணை வச்சு முடிவெடுத்திருக்கோம், இப்ப நினைச்சாலும் மனசு கேக்க மாட்டேங்குது.

அதனால இப்ப எந்த ஸ்கிரிப்ட்டா இருந்தாலும் விடை தெரிஞ்ச கணக்கை முதல்ல கொடுத்துப் பார்ப்பேன். நல்_பிஎல்கே மாட்யூலை லோட் பண்ணா பின்னாடி நிஜ டிஸ்க் எதுவும் இல்லாத ஒரு டிவைஸ் வரும். அதுல டிடி கமாண்டை வச்சு டைரக்ட் ஃபிளாக் போட்டு, 4 கேபி பிளாக் சைஸ், கவுண்ட் 100னு எழுத விடுங்க. டைரக்ட்ங்கிறதால, டேட்டாவை மெமரில தற்காலிகமா வச்சிருக்கிற பேஜ் கேஷ் நடுவுல வராது, டிடி ஒண்ணு முடிஞ்சப்புறம்தான் அடுத்ததை அனுப்பும், அதனால பக்கத்துப் பக்கத்து ரிக்வெஸ்ட் ஒண்ணா சேர்ந்து மெர்ஜும் ஆகாது. உங்க ஸ்கிரிப்ட் சரியா 100 ரைட் காட்டணும், ஒவ்வொண்ணுலயும் செக்டர் எண்ணிக்கை 8னு இருக்கணும், ஏன்னா டிஸ்க்கோட நிஜ செக்டர் எதுவா இருந்தாலும் கர்னல் இங்க 512 பைட்டாதான் எண்ணும். 97 வந்தா சரி போகட்டும்னு விட்டுடாதீங்க, அந்த 3 எங்க போச்சுன்னு கண்டுபிடிக்காம ஸ்கிரிப்ட்டை யார் கையிலயும் கொடுக்காதீங்க. ரீடை எண்ண வேண்டாம், நடுவுல வேற ஏதாவது ப்ரோக்ராம் டிவைஸைப் படிச்சா அது குழப்பும்.

ராம்டிஸ்க்லயே செய்யலாமேன்னு தோணும். பிஆர்டிங்கிற ராம்டிஸ்க் டிரைவர், ரிக்வெஸ்ட்டா மாறறதுக்கு முன்னாடி இருக்கிற பயோவை நேரா எடுத்துக்கும், ரிக்வெஸ்ட்டே உருவாகாது, ஆர்க்யூ ஈவெண்ட் ஒண்ணும் வராது. டிஸ்க்குகளுக்கு மேல உருவாக்கற எல்விஎம் வால்யூம் உங்க லிஸ்ட்ல வராம கீழ இருக்கிற டிஸ்க் மட்டும் வர்றதுக்கும் பெரும்பாலும் இதேதான் காரணம்.

கேள்வி: எந்த ப்ராசஸ் எழுதுதுன்னு பார்க்கலாம்னா பாதிக்கு மேல கேவொர்க்கர்னே வருதே அண்ணி?

ஆமா, அது பொய் இல்ல. உங்க ப்ரோக்ராம் ரைட் கூப்பிட்டப்ப டேட்டா பேஜ் கேஷ்ல உக்காந்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு ரைட்பேக் பண்ண கேவொர்க்கர்தான், அதாவது கர்னலோட பின்னணி வேலையாள்தான், டிஸ்க்குக்கு அனுப்புச்சு. இஷ்யூ ஈவெண்ட்ல பேரைப் பிடிச்சா அந்த நேரம் ஓடினவன் பேர்தான் கிடைக்கும், கம்ப்ளீட் ஈவெண்ட்ல பிடிச்சா இன்னும் மோசம், இன்டரப்ட்ல மாட்டின சம்பந்தமே இல்லாதவன் பேர் வரும். யார் எழுதினாங்கன்னு வேணும்னா ப்ரோக்ராமோட ரைட் முதல்ல வந்து சேர்ற விஎஃப்எஸ் லெவல்ல தனியா ட்ரேஸ் பண்ணுங்க.

கேள்வி: பிபிஎஃப்ட்ரேஸ்ங்கிற ட்ரேஸ் மொழில எழுதின ஸ்கிரிப்ட், முதல் நாள் சரியா வருது, ரெண்டு மூணு நாள் விடாம ஓடினா எண்ணிக்கை குறைஞ்சுகிட்டே போகுது. டிஸ்க்ல வேலை குறையல.

ரிக்வெஸ்ட் க்யூல நுழையற இன்சர்ட் ஈவெண்ட்ல நேரத்தை மேப்ல, அதாவது ஒரு டேபிள்ல, குறிச்சு வச்சு கம்ப்ளீட்ல கழிக்கிறீங்கன்னு நினைக்கிறேன், கீ டிவைஸும் செக்டரும், சரிதானே? க்யூல நிக்கிறப்ப ஒரு ரிக்வெஸ்ட் பக்கத்துல இருக்கிறதோட சேர்ந்துடுச்சுன்னா அதுக்குன்னு தனியா கம்ப்ளீட் வராது, மேப்ல அந்த என்ட்ரி அப்படியே அனாதையா கிடக்கும். மேப்ல வழக்கமா 4096 கீதான், இந்த மாதிரி சேர்ந்து சேர்ந்து நிரம்பிடுச்சுன்னா புதுசு எதுவும் உள்ள போகாது, எண்ணிக்கை குறையுது. மெர்ஜ் ஈவெண்ட்லயும் டெலீட் போடுங்க, இல்லன்னா இஷ்யூல இருந்தே கணக்கு வச்சுக்கோங்க, அப்ப க்யூல காத்திருந்த நேரம் கணக்குல வராது, அதை மட்டும் வெளிய எழுதி வைங்க. இன்னொண்ணு, டிஸ்க்கோட கேஷை நிரந்தரமா எழுதச் சொல்ற ஃப்ளஷ் எல்லாத்துக்கும் ட்ரேஸ்ல செக்டர் 0ன்னுதான் வரும், ஒரே நேரத்துல ரெண்டு இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடும், அதைத் தனியா பிரிச்சுடுங்க. முடிஞ்சா ரிக்வெஸ்ட்டோட பாயிண்ட்டரையே கீயா வைங்க, இந்தத் தொல்லையில பாதி போயிடும்.

கேள்வி: லாஸ்ட் ஈவெண்ட்ஸ்னு நடுநடுவுல வருது, விட்டுடலாமா?

விடவே கூடாது, பஃபர் நிரம்பி சில ஈவெண்ட் தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஒவ்வொரு ஈவெண்ட்டையும் வெளிய பிரிண்ட் பண்ணாம கர்னலுக்குள்ளயே ஹிஸ்டோகிராம் போட்டு கடைசில மட்டும் எடுங்க. தனித்தனியாதான் வேணும்னா பஃபரைப் பெருசாக்குங்க, எத்தனை போச்சுங்கிற எண்ணையும் ரிப்போர்ட்லயே போடுங்க, படிக்கிறவங்களுக்கு அது தெரியணும்.

கேள்வி: எங்ககிட்ட நாலு விதமான கர்னல் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்கிரிப்டா வச்சுக்கலாமா?

வேண்டாங்க, ஒண்ணுல பண்ண திருத்தம் மத்த மூணுக்கும் போய் சேராது. ஒரே ஸ்கிரிப்ட்டா வச்சுக்கிட்டு, இது இருக்கான்னு கர்னலையே கேக்க வைங்க. வெர்ஷன் எண்ணைப் பார்த்து முடிவு பண்ற கோடு எழுதாதீங்க, ரெட் ஹேட் 8ல கர்னல் 4.18னுதான் காட்டும், ஆனா அதுக்கப்புறம் வந்த எவ்வளவோ மாற்றத்தைப் பின்னாடி கொண்டுவந்து சேர்த்திருப்பாங்க, எண்ணை நம்பினா தப்பாதான் போகும். சி-ல எழுதறவங்களுக்கு, கர்னலோட ஸ்ட்ரக்ட் விவரத்தைச் சொல்ற பிடிஎஃப் இருந்தா, ஸ்ட்ரக்ட்ல இந்த ஃபீல்டு இருக்கா இல்லையான்னு லோட் ஆகறப்பவே செக் பண்ற வசதி இருக்கு, ஆர்க்யூ_டிஸ்க் இருந்தா இப்படி, இல்லன்னா அப்படின்னு ரெண்டு வரில முடிஞ்சிடும். ரெண்டுமே கிடைக்கலன்னா எரர் சொல்லிட்டு நிக்கட்டும், பூஜ்யத்தைக் காட்டிட்டு ஓட விடாதீங்க. அந்த நாலு கர்னலையும் நாலு விஎம்ல வச்சு, ஸ்கிரிப்ட்ல ஒரு வரி மாத்தினாலும் அந்த 100 ரைட் டெஸ்ட் நாலுலயும் தானா ஓடற மாதிரி பண்ணிடுங்க.