தன்பாலீர்ப்பாளராக இருந்துகொண்டு கோயிலுக்கும் போக முடிகிறதா?

கேட்டவர் தனக்கு வயது 22, ஆண், ஆண்களைத்தான் பிடிக்கிறது, ஞாயிறு பூசையையும் விட முடியவில்லை, இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் இரண்டையும் விடவில்லை. எளிதாக இருக்கிறது என்று சொன்னால் பொய். வயது 37, கத்தோலிக்கக் குடும்பம், ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு ஊர். பெயரைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டையே கேட்டு வந்துவிடலாம், அவ்வளவு சின்ன ஊர், அதனால் வேண்டாம்.

நீங்கள் பைபிள் வசனங்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். வசனம் எனக்கும் உறுத்தியதுதான். ஆனால் என்னை அதைவிட அதிகமாக வதைத்தது தலைக்கட்டு, அதாவது ஊர்க் கணக்கில் தனிக் குடும்பமாக எண்ணப்படுவது. எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால்தான் ஒருவன் புதுத் தலைக்கட்டு; கோயில் வரி, திருவிழா வரி, ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆகாதவன் ஐம்பது வயதானாலும் வரி நோட்டில் அப்பா பெயருக்குக் கீழே இருக்கிற பையன். நரைத்த பையன். ஆக எனக்குக் கோயிலில் இடம் உண்டா என்ற கேள்வி, வேதத்தில் இருந்து வருவதற்கு முன்னால் அந்த நோட்டில் இருந்துதான் வந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆம்பளைகள் எல்லாம் கரையில். எஞ்சின் வேலை, வலை வேலை, மிச்ச நேரத்தில் அடுத்தவன் வீட்டுக் கல்யாணப் பேச்சு. அப்படி ஒரு தடைக்காலத்தில், எனக்கு 27 வயதில், பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். நல்ல பெண், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெயர் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பார்கள், அதற்கு ஓலை என்று பெயர். முதல் ஓலைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பங்குச் சாமியாரிடம் போய், “சாமி, தடை என்கிட்டதான் இருக்கு” என்றேன். என்ன தடை என்பதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அப்ப இந்த ஓலைய நான் வாசிக்க மாட்டேன். மறைச்சு வாங்குற சம்மதம் சம்மதமே இல்ல.”

திருச்சபைச் சட்டமும் கிட்டத்தட்ட அதுதான், வஞ்சித்து வாங்கிய சம்மதத்தில் நடக்கும் திருமணம் செல்லாது. என் பாவத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணம் நின்றது, பெண் வீட்டார் வந்து அப்பாவைப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது, அவர்கள் பேசியதில் தப்பும் இல்லை.

அப்புறம் சித்தி என்னை ஒரு செபவீட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்று நாள் உபவாசம், தலையில் கை வைத்து அழுத்தி ஆவியை ஓட்டுவது. ஆவி போகவில்லை, வயிற்றுப்புண் வந்தது. மருத்துவம் என்ற பெயரில் எங்களை ‘மாற்ற’ முயல்வதைத் தடை செய்யவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. செபவீட்டு வாசலில் அதைக் காட்டி யாரும் நிறுத்தமாட்டார்கள், அதனால் வீட்டில் கூப்பிட்டால் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பொய் சொல்லலாம்.

சரி, வசனத்துக்கு வருவோம். எங்களைப் போன்றவர்களால்தான் கடவுள் சோதோம் என்ற ஊரை அழித்தார் என்று யாராவது ஆரம்பித்தால் எசேக்கியேல் 16:49-ஐத் திறந்து காட்டுங்கள். சோதோமின் குற்றம் செருக்கு, வயிறு நிறையத் தின்றது, ஏழைக்குக் கை கொடுக்காதது என்றுதான் அங்கே இருக்கிறது. இந்த உறவைக் கண்டிக்கும் லேவியர் நூலையும் பவுலின் கடிதங்களையும் அப்படிச் சுலபமாகத் தாண்ட முடியாது, நான் தாண்டிவிட்டதாகவும் சொல்லமாட்டேன். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2357-ஆம் எண் இந்த உறவை ஒழுங்கற்றது என்கிறது, அடுத்த எண்ணே எங்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்கவேண்டும், அநியாயமாக ஒதுக்கக்கூடாது என்கிறது. முதல் எண்ணைப் படித்த அத்தனை பேருக்கும் அங்கேயே கண் வலிக்க ஆரம்பித்துவிடும் போல. 2023 டிசம்பரில் வத்திக்கான், ஒரே பாலினத்து இணைக்குக் குருவானவர் ஆசி தரலாம் என்றது. அது கல்யாணம் இல்லை, கல்யாணச் சடங்கு மாதிரிகூட இருக்கக்கூடாது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் உச்ச நீதிமன்றமும் கல்யாண உரிமை இல்லை என்று சொல்லியிருந்தது. எங்கள் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவின் குற்றவாளிப் பட்டியலில் இருந்து 2018-இல் எங்களை எடுத்தார்கள், தலைக்கட்டுப் பட்டியலில் இன்னும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது எசாயா 56. பிள்ளை பெற வழியில்லாத அண்ணகர்களைச் சபையில் சேர்க்கக்கூடாது என்று பழைய சட்டம் இருந்தது. அவர்களுக்குத் தன் இல்லத்தில், தன் சுவர்களுக்கு உள்ளே, மகன் மகள்களைவிடச் சிறந்த ஒரு பெயரைத் தருவேன் என்று ஆண்டவர் சொல்கிறார். அண்ணகரும் நானும் ஒன்று என்று சொல்லவரவில்லை. ஆனால் தலைக்கட்டு இல்லாதவனுக்குக் கோயிலுக்குள் பெயர் உண்டு என்று எழுதியிருக்கிறதா இல்லையா?

பாவசங்கீர்த்தனம் மட்டும் ஊரில் செய்வதில்லை, ஓரியூர் போய்விடுவேன். அங்கே என் அப்பா யார் என்று யாருக்கும் தெரியாது. 1693-இல் போர்ச்சுக்கல் நாட்டுக் குருவான புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம், மண் சிவப்பாக இருக்கும், அவர் ரத்தம் என்பது நம்பிக்கை. அவர் தலை போனதும் ஒரு கல்யாண விவகாரத்தில்தான். ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஒரு மனைவியோடு நின்றுகொண்டு மற்றவர்களை விலக்கினார், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவுக்காரப் பெண், அவர் மன்னரிடம் முறையிட்டார். எங்கள் சீமையில் கல்யாணத்தில் தலையிட்டால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது!

எனக்கு ஒருவர் இருக்கிறார், வேறு ஊர், அவரைப் பற்றி எழுதப்போவதில்லை. நற்கருணை வாங்குகிறேனா என்று கேட்டால், சில ஞாயிறு வாங்குகிறேன், சில ஞாயிறு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தார். வரி நோட்டில் அவர் பெயரை அடித்துவிட்டு, அம்மா பெயரில் அரை வரி போடுகிறோம் என்றார் கணக்குப் பார்க்கிற அண்ணன். விதவை வீட்டுக்கு அரை வரிதான்.

“என் பேர்ல முழு வரி போடுங்கண்ணே” என்றேன்.

“கல்யாணம் ஆகாம எப்படிடா போடுறது?”

கமிட்டியில் ஒருவரும் பேசவில்லை. ஊருக்கு என்னைப் பற்றித் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். கடைசியில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “எழுதுப்பா, போன திருவிழா பந்தல்காரனுக்கு இன்னும் பாக்கி கிடக்கு” என்றார். அண்ணன் என் பெயரை எழுதினார், மனைவி பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார், முழு வரிக்கும் ரசீது கிழித்துக் கொடுத்தார்.