பெரியவர்கள் கணக்கு வகுப்பில் வாய் திறக்காதபோது

பெரியவர்களுக்குக் கணக்கு சொல்லித்தரும் வகுப்பில் யாரும் பேசுவதில்லை, எப்படிப் பேசவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். "விடை என்ன?" என்று கேட்காமல், சரியா தப்பா என்று வாதிட ஒரு கூற்றைக் கொடுங்கள். உதாரணம்: "விலை 20% ஏறி, பிறகு 20% இறங்கினால் பழைய விலையே வந்துவிடும்." இருவர் இருவராகப் பேசட்டும், பேனா வேண்டாம். 100 என்பது 120 ஆகி 96-இல் நிற்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

தாளில் சரியாகப் போடுகிறவர்களே விளக்கச் சொன்னால் மௌனமாகிறார்கள் என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் கூச்சம்தான். பள்ளி நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டு வருவது.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் நீங்களே விடை சொல்லிவிடுகிறீர்களா? (நம்மில் பலர் அந்த ரகம்.)

வகுப்பு மொழி அவர்களின் வீட்டு மொழி இல்லையென்றால் இது மட்டும் போதாது. முதலில் சொந்த மொழியிலேயே பேசவிடுங்கள்; பின்னத்தில் கீழ் எண் பகுதி, மேல் எண் தொகுதி என்று கலைச்சொல் திருத்துவதெல்லாம் பிறகு.