பரணில் கிடந்த தோட்டாக்களைச் சுடலாமா?

கேள்வி: கூடலூர் பக்கம் எங்கள் வீடு. அப்பா காலமான பிறகு அவருடைய 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கிக்கு என் பெயரில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். தகரக் கூரைக்கு அடியில், பரணில் ஒரு பெட்டி பழைய தோட்டா கிடைத்தது. 30 வருஷத்துக்கு மேல் இருக்கும். உபயோகிக்கலாமா?

பதில்: வேண்டாம். வயதைவிட, அவை இருந்த இடம்தான் எனக்குக் கவலை. குளிர்ந்த, காய்ந்த அறையில் வைத்த தோட்டா பல பத்தாண்டுகள் தாங்கும். தகரத்துக்கு அடியில் பகலில் கொதிக்கும், ராத்திரி சில்லிடும். பெட்டிக்குள் ஈரம் கோக்கும். தோட்டாவின் மருந்து நைட்ரோசெல்லுலோஸ். அது மெதுவாகச் சிதைந்து அமில வாயு விடும்; அதைப் பிடித்துக்கொள்ளத்தான் டைஃபீனைலமின் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். சூடு ஏற ஏற அந்தக் காப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும்.

அப்பா காலத்துத் தோட்டா என்றால் காகிதக் கூடாகவும் இருக்கலாம். ஈரத்தில் அது ஊதும். பித்தளை அடியில் பச்சைக் களிம்பு, கூட்டில் உப்பல், புளித்த காட்டமான நெடி, இதில் எது தெரிந்தாலும் அதற்கு மேல் கையே வைக்காதீர்கள். ஆனால் வெளியே ஒன்றும் தெரியவில்லை என்பதால் உள்ளே சரியாக இருக்கிறது என்றும் ஆகிவிடாது.

நான் ரொம்பப் பயப்படுவது வெடிக்காத தோட்டாவுக்கு இல்லை, பாதி வெடிக்கும் தோட்டாவுக்குத்தான். ஈரமான மருந்து 'புஸ்' என்று அடங்கிப்போகும். மருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு துப்பாக்கிக் குழலிலேயே சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்துவிடும், கை போய்விடும்.

புதுத் தோட்டாக்களை வாங்கிய பெட்டியோடு, வீட்டின் உள்சுவர் ஓரமாகப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். கூடவே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போதும். எண்ணெய் தடவ வேண்டாம், அது பிரைமருக்குள் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) இறங்கிவிடும். மாட்டுக் கொட்டகையும் யூரியா மூட்டையும் பக்கத்தில் இருக்கவே கூடாது; அவற்றிலிருந்து வரும் அம்மோனியா பித்தளைக்கு ஆகாது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் மழை மாதங்களில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தார்கள். பித்தளைக் கூடுகள் தாமாகவே கீறல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், சூடாக்காமல் இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-ல்தான் விளக்கம் கிடைத்தது.

சரி, பழைய பெட்டியை என்ன செய்வது? பிரிக்காதீர்கள், எரிக்காதீர்கள், புதைக்காதீர்கள், கிணற்றிலும் போடாதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து நிலைமையைச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் வரை பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போக வேண்டாம்.