வீடியோ இன்ஸ்டலேஷனை டேப்லெட்டால் இயக்க முடியுமா, கணினியும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். டேப்லெட் இங்கே வெறும் ரிமோட்தான். படத்தை உருவாக்குவது ரெசொலூம், டச்டிசைனர் மாதிரி மென்பொருள் ஓடும் கணினி. டேப்லெட்டில் உள்ள டச்ஓஎஸ்சி என்ற கன்ட்ரோல் செயலியில் ஸ்லைடரை நகர்த்தினால், 'நிறம் 0.73' என்பது போன்ற குட்டிச் செய்தி வைஃபை வழியாகக் கணினிக்குப் போகும். இசைக் கருவிகளுக்காக வந்த மிடி என்ற முறையின் சாதாரண கன்ட்ரோலில் 0 முதல் 127 வரைதான் படிகள். டச்ஓஎஸ்சி செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஓஎஸ்சி முறையில் தசம எண்ணே போவதால் மெல்ல மங்கும் காட்சி தாவித் தாவி மங்காது.

தகராறெல்லாம் பெரும்பாலும் வைஃபையில்தான். ஓஎஸ்சி வழக்கமாக யூடிபியில், அதாவது செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத நெட்வொர்க் முறையில் போகிறது. வழியில் தொலைந்த செய்தி மறுபடி வராது. ஸ்லைடருக்குப் பரவாயில்லை, அடுத்த எண் உடனே வந்துவிடும். 'நிறுத்து' பட்டனுக்கு அது ஆகாது. பார்வையாளர்களின் போன்கள் மொய்க்கும் பொது வைஃபையை நம்பாமல் தனி ரவுட்டர் வையுங்கள். கணினியை அதில் கேபிளால் இணையுங்கள். அப்புறம், டேப்லெட்டின் ஆட்டோ லாக்கை அணைத்துவிடுங்கள்.