ஷட்டில் கோர்ட்டில் கொட்டும் வியர்வை: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் தகரக் கூரை போட்ட உள்ளரங்கில் தினமும் காலை ஆறு மணிக்கு ஷட்டில் ஆடுகிறேன். வயது 43. இரண்டாவது கேம் முடிவதற்குள் டி-ஷர்ட்டைப் பிழியலாம் போல ஆகிவிடுகிறது. 'எவ்வளவு வியர்த்தாலும் உடம்பு ஈரமாகாது' என்று கடையில் சொன்னதை நம்பி 2,800 ரூபாய்க்கு ஒரு ஜெர்சி வாங்கினேன். அதுவும் அரை மணி நேரத்தில் தொப்பலாகிவிடுகிறது. போலிப் பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா? அடுத்ததாக கூலிங் டவல் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: கூலிங் டவலை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஜெர்சி அநேகமாக அசல்தான். அது செய்ய முடியாத வேலையைச் செய்யும் என்று சொல்லி விற்றதுதான் தவறு.

வியர்வை தோலில் வழிவதால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாகிப் போக வேண்டும். 1 லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே 1 லிட்டர் தரையில் சொட்டினால் உடம்புக்குத் தண்ணீர் நஷ்டம், உப்பு நஷ்டம், குளிர்ச்சி கிட்டத்தட்ட இல்லை. சென்னைக் காலையில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. போதாததற்கு உங்கள் அரங்கில் ஃபேன் போட முடியாது. ஐந்து கிராம் எடையுள்ள இறகுப் பந்து லேசான காற்றுக்கே திசை மாறிவிடும். ஈரக் காற்று, அசையாத காற்று, மேலே சூடாகும் தகரம் என்று மூன்றும் சேர்ந்த இடத்தில் எந்தத் துணியும் உடம்பைக் காய்ந்தபடி வைத்திருக்காது. துணி வியர்வையை உறிஞ்சி வெளிப்பக்கம் பரப்பும். அங்கிருந்து அதைக் காற்றுதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கூலிங் டவலுக்கும் இதே கதைதான். அதுவும் ஆவியாவதை நம்பித்தான் வேலை செய்கிறது. வறண்ட ஊரில் நன்றாக இருக்கும். ஈரமான அரங்கில் நாலு நிமிடத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணியாகிவிடும். நானும் ஒன்று வாங்கி, இரண்டு மாதம் பையிலேயே வைத்திருந்து, கடைசியில் ஸ்கூட்டர் துடைக்கக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதில் ஒரு சாதாரண பருத்தித் துண்டும், ஐஸ் கட்டி போட்ட சின்ன ஃபிளாஸ்க்கும் எடுத்துப் போங்கள். இடைவேளையில் ஐஸ் நீரில் நனைத்த துண்டைக் கழுத்திலும் முன்கையிலும் வைத்தால் சூடு நேரடியாக இறங்கும், காற்றின் தயவு வேண்டியதில்லை.

ஜெர்சி விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: விலையுயர்ந்த ஒன்று வேண்டாம், சாதாரணமாக மூன்று வாங்குங்கள். திருப்பூரில் தைத்து வரும் நல்ல பாலியஸ்டர் ஜெர்சி 400 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. கேம் முடிந்ததும் மாற்றிவிட்டால், காய்ந்த துணி மறுபடி முதலிலிருந்து உறிஞ்ச ஆரம்பிக்கும். 21 புள்ளி ஆட்டத்தின் விதிப்படி இரண்டு கேம்களுக்கு நடுவே 2 நிமிடம் உண்டு. துடைத்துக்கொண்டு மாற்ற அது தாராளம்.

கடையில் 'டாட் நிட்' என்று கேளுங்கள். பொடிப் பொடியாகத் துளை தெரியும் பின்னல் அது. எடை 130 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் கனக்கும். துணியை உள்பக்கம் திருப்பி, விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று வினாடியில் சொட்டு படர்ந்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்தால் வாங்கலாம். முத்துப்போல உருண்டு அப்படியே நின்றால், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அளவைக் கொஞ்சம் தொளதொளவென்று எடுங்கள், ஓடும்போது உள்ளே காற்றாவது புகுந்து வரும். அடியில் பருத்தி பனியன் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு வெளியே விடாது.

துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவங்களை ஊற்றாதீர்கள். அவை நூலின் மேல் வழவழப்பாகப் படிந்து, உறிஞ்சும் குணத்தையே கெடுத்துவிடும். உங்கள் 2,800 ரூபாய் ஜெர்சிக்கும் வீட்டில் அப்படி ஊற்றியிருந்தால், சோப்புத் தூள் மட்டும் போட்டு நாலைந்து முறை அலசிப் பாருங்கள். ஓரளவு தேறிவிடும்.

கேள்வி: ஸ்மாஷ் அடிக்கும்போது ராக்கெட் கையிலிருந்து வழுக்குகிறது. ஒருமுறை எதிர்ப்பக்கம் ஆடியவரின் தோளை உரசிக்கொண்டு போனது. எந்த கிரிப் நல்லது?

பதில்: நல்லவேளை, தோளோடு போனது. கிரிப்புக்கு முன்னால் ரிஸ்ட்பேண்டைப் பாருங்கள். உள்ளங்கை ஈரத்தில் ஒரு பங்கு முன்கையிலிருந்து வழிந்து வருவது. அகலமான பருத்தி ரிஸ்ட்பேண்ட் இரண்டு ஜோடி வாங்கி, முதல் ஜோடி ஊறியதும் மாற்றுங்கள். இதிலேயே பிரச்சினை கொஞ்சம் குறையும்.

கைப்பிடி மேல் சுற்றும் வழவழப்பான ஓவர்கிரிப் கொஞ்சம் வியர்ப்பவர்களுக்குச் சரி. உங்களுக்கு டவல் கிரிப்தான். துண்டுத் துணி போல நூல் எழும்பியிருக்கும், ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் ஒன்று, அதற்கு ஆயுள் குறைவு. கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் நூல் படிந்து, கறுத்து, காய்ந்த பிறகும் விறைப்பாக இருந்தால் அதன் வேலை முடிந்தது. தினமும் ஆடுபவருக்கு மூன்று நாலு வாரத்திலேயே அப்படி ஆகலாம். பழைய கிரிப்பை உரித்துவிட்டுச் சுற்றுங்கள். மேலேயே சுற்றினால் கைப்பிடி உலக்கை மாதிரி ஆகிவிடும். புதிதாக ராக்கெட் வாங்கும்போது, அந்த கம்பெனியின் அளவுகளில் மெல்லிய கைப்பிடி எது என்று கேட்டு வாங்கினால் டவல் கிரிப்புக்கு இடம் இருக்கும்.

கிரிப் பவுடர் போடுவதென்றால் கோர்ட்டுக்கு வெளியே நின்று போடுங்கள். கோர்ட் விரிப்பில் சிந்திய பவுடரில் அடுத்தவர் கால் வழுக்கும். அதேபோல வியர்வை சொட்டிய இடத்தைக் காலால் தேய்த்துவிட்டு ஆடுவது நம்மிடம் இருக்கும் மோசமான பழக்கம். ஈரம் ஷூவின் அடியில் ஒட்டிக்கொண்டு கோர்ட் முழுக்கப் பரவுகிறது. 200 ரூபாய்க்கு ஒரு மாப் வாங்கி வலைக்கம்பம் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். முழங்கால் தசைநார் கிழிந்தவர்களைப் பார்த்தவன் என்பதால் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டு உள்ளரங்கத்துக்கு இரண்டு பெரிய ஏர்கூலர் வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். சரியா?

பதில்: வேண்டாம். ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றில் கலப்பது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த அரங்கில் இன்னும் ஈரத்தைச் சேர்க்கப் பணம் கொடுப்பீர்கள். அதே பணத்தில் சுவரின் உச்சியில் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் வையுங்கள், தகரத்துக்கு அடியில் தேங்கும் சூடு வெளியேறும். பெஞ்சுப் பக்கம் ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்து, இடைவேளையில் மட்டும் போடுங்கள். ஈரத்தோலின் மேல் காற்று ஓடுகிற அந்த இரண்டு நிமிடம்தான் வியர்வை நிஜமாகவே வேலை செய்யும் நேரம்.

கேள்வி: ஆட்டம் முடிந்தால் கால் ஆடுசதை இழுத்துப் பிடிக்கிறது. கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. மருந்துக்கடையில் பழச்சுவை பானம் ஒன்றை ஓஆர்எஸ் என்று கொடுத்தார்கள். தினமும் குடிக்கலாமா?

பதில்: முதலில் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1 லிட்டர் ஓஆர்எஸ் நீரில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்க வேண்டும். கூடவே பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். சர்க்கரை இதைவிடப் பல மடங்கு இருந்தால் அது குளிர்பானம். இப்படிப்பட்ட பானங்கள் பெயரில் 'ஓஆர்எஸ்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டது. பழைய சரக்கை இன்னும் அந்தப் பெயரில் நீட்டினால் வாங்காதீர்கள். பில்லுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

உங்களுக்கு எவ்வளவு போகிறது என்று தெரிய எடை மெஷின் போதும். ஆடப் போகும் முன் ஒருமுறை, வந்து துடைத்துவிட்டு ஒருமுறை எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் போயிருக்கிறது, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். எனக்கு மே மாதத்தில் ஒன்றரை மணி நேரத்தில் 1.4 கிலோ குறைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுபவர்களுக்கு வெறும் தண்ணீரே போதும். உங்களைப் போல உப்புக் கோடு விழுபவர்கள் கல்லுப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் குடிக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய. ஆனால் வியர்வையில் அதிகம் போவது சோடியம். அதனால் இளநீரோடு உப்புள்ள பலகாரம் எதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், உப்பைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தலைசுற்றல், குமட்டல், பேச்சுக் குழறல் வந்தால் ஸ்கோரைப் பார்க்காமல் உட்காருங்கள். குழறல் வந்தவருக்கு உடனே ஐஸ் நீர் ஒத்தடம் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: வியர்வையில் தொடை இடுக்கில் படர்தாமரை வந்துவிட்டது. கடையில் கொடுத்த க்ரீம் போட்டால் மூன்று நாளில் அரிப்பு நிற்கிறது, நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்புகிறது. வேறு எந்த க்ரீம் வாங்கலாம்?

பதில்: நீங்களாக எதையும் வாங்காதீர்கள். டியூபின் பின்னால் கிளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அவை ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கிவிடும், ஆனால் பூஞ்சை உள்ளே செழித்து வளரும், அந்த இடத்துத் தோலும் மெலியும். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்றிருக்கவே கூடாது. அந்த டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். அவர் சொல்லும் நாள்வரை, அரிப்பு நின்ற பிறகும் மருந்தைத் தொடருங்கள். ஆடி முடித்ததும் உள்ளாடையை அரங்கிலேயே மாற்றிவிடுங்கள், ஈரத்தோடு வண்டி ஓட்டி வீட்டுக்கு வர வேண்டாம். உங்கள் துண்டும் உள்ளாடையும் மற்றவர்கள் துணியோடு சேராமல் தனியாகத் துவைத்து, வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியக் காயட்டும். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவரையும் அதே நாளில் கூட்டிப் போங்கள்.