கல்லூரி ஆபீஸிலிருந்து பதிவாளர் நாற்காலிக்கு வழி உண்டா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: எம்.காம். 57 சதவீதம், வயது 34, அரசு உதவி பெறும் கல்லூரி ஆபீஸில் இளநிலை உதவியாளராக 9 வருடம். பிஎச்.டி. இல்லாமல் பல்கலைக்கழகப் பதிவாளர் ஆக முடியுமா?

முடியும், ஆனால் அந்த 9 வருடத்தை மட்டும் காட்டி முடியாது.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிப்படி முதுகலையில் 55 சதவீதம் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. சிக்கல் அனுபவத்தில்தான். ஆசிரியர்களுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, அதை விடுங்கள். உங்கள் பக்கத்துக் கணக்கு: 15 ஆண்டு நிர்வாக அனுபவம், அதில் 8 ஆண்டு துணைப் பதிவாளராகவோ இணையான பதவியிலோ இருந்திருக்க வேண்டும். இந்த 'இணையான' என்ற சொல்லை நம்பி விண்ணப்பக் கட்டணம் கட்டி ஏமாந்தவர்கள் நிறைய. ஆபீஸ் முழுவதும் உங்கள் தலையில்தான் ஓடுகிறது என்றாலும் தேர்வுக்குழு பார்ப்பது சம்பள நிலையைத்தான்.

அதனால் முதலில் உதவிப் பதிவாளர். அதே 55 சதவீத முதுகலை, நிலை 10, தொடக்கச் சம்பளம் 56,100 ரூபாய். மத்திய நிறுவனங்களில் எழுத்துத் தேர்வு இருக்கும், வயது வரம்பு பெரும்பாலும் 40, ஆக இப்போதே உட்கார்ந்து படிக்கணும். அங்கே 5 ஆண்டு முடித்தால் துணைப் பதிவாளருக்குப் போடலாம், அப்புறம் அந்த 8 ஆண்டு. எப்படியும் வயது 50-ஐத் தொட்டுவிடும். பதிவாளருக்கு நிலை 14, தொடக்கமே 1,44,200.

நம் மாவட்டத்துக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் எல்லோரும் நெல்லையையே பார்க்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களில் இந்த நாற்காலி பெரும்பாலும் பேராசிரியர்களுக்குத்தான் போகிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன். திருவாரூர், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்கள், நமக்குப் பக்கத்திலேயே கேரளத்து விதுராவில் இருக்கும் ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனம், இவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

வேலை என்னவென்றும் தெரிந்திருக்கட்டும். மதிப்பெண் பட்டியல் தேர்வாணையர் பாடு. பதிவாளர் ஆட்சிக்குழுவின் செயலாளர். மினிட்ஸ் எழுதுவது, ஆவணங்களையும் முத்திரையையும் காப்பது, பல்கலைக்கழகத்தின் மேல் வழக்கு வந்தால் பதில் மனுவில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர் தலையில். இங்கே ஊரில் பதிவாளர் என்றாலே பத்திரம் பதியவா என்று கேட்பார்கள், அது வேறு!

உடனே செய்ய வேண்டியது ஒன்று: சம்பள நிலை குறிப்பிட்ட அனுபவச் சான்றும், தடையின்மைச் சான்றும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். விளம்பரம் வந்தபின் கேட்டால், கல்லூரிச் செயலர் கையெழுத்து வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.