பூனைக்கதவு வாங்க முன்னர் பின்கதவை ஒருக்கால் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் தனி வீடு, இரண்டு பூனைகள். இரவில் பின்கதவைச் சுரண்டிக் கத்துகின்றன. திறந்து வைத்தால் அயலிலுள்ள கடுவன் ஒன்று வந்து சாப்பாட்டைத் தின்று, மூலையில் மூத்திரமும் பீய்ச்சிவிட்டுப் போகிறது. கதவு பலாமரம், வெளியே கிறில் கேற். எந்த மாதிரிப் பூனைக்கதவு வாங்குவது? எப்படிப் பொருத்துவது?

பதில்:

எதை வாங்குவது என்பதில் பாதியை அந்தக் கடுவனே முடிவுசெய்துவிட்டது.

சாதாரணப் பூனைக்கதவு என்பது மேலே கீல் போட்டுத் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் மடல். எந்தப் பூனை முட்டினாலும் திறக்கும். அதில் நாலு நிலைப் பூட்டு ஒன்று வரும்: உள்ளே மட்டும், வெளியே மட்டும், இரு பக்கமும், முழுப்பூட்டு. இதைப் பார்த்துவிட்டு இதுவே காணும் என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். பொழுதுபடும் நேரத்தில் உங்கள் பூனைகளை உள்ளே எடுத்து வைத்திருக்க 'உள்ளே மட்டும்' நல்ல வசதிதான். ஆனால் அந்த நிலையில் கடுவன் நுழைந்தால் திரும்பிப் போக வழியில்லாமல் விடியும்வரை உங்கள் குசினிக்குள்ளேயே நிற்கும்.

கழுத்துப்பட்டியில் காந்தம் தொங்கவிட்டுத் திறக்கும் வகை அடுத்தது. காந்தம் கட்டிய எந்தப் பூனைக்கும் அது திறக்கும் என்பது ஒரு குறை. கிறில் கேற் உள்ள வீட்டில் அதைவிடப் பெரிய குறை, அந்தக் காந்தம் போகவர இரும்புக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். வழியில் கிடக்கும் ஆணி, குண்டூசியையும் பொறுக்கிக்கொண்டு வரும். இழுத்தால் தானாகக் கழரும் பட்டியைத்தான் பூனைக்குப் போடவேண்டும், அப்படிப் போட்டால் பட்டி அடிக்கடி தொலையும். பட்டி தொலைந்த பூனை வெளியிலே நின்று கத்தும்.

ஆகவே உங்களுக்கு மைக்ரோசிப் வாசிக்கும் வகைதான். மிருக வைத்தியர் பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவில், தோலுக்கடியில் அரிசியளவு சிப் ஒன்றை ஊசியால் ஏற்றுவார். சர்வதேசத் தரத்திலான சிப் என்றால் 15 இலக்க எண், 134.2 கிலோஹேர்ட்ஸ். இதை வைத்தியரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, நீங்கள் வாங்கும் கதவு அதை வாசிக்குமா என்று பெட்டியில் பாருங்கள். ஷுவர்ஃப்ளாப் என்ற கம்பனியின் சாதாரண மாதிரி உள்ளே வரும்போது மட்டுமே சிப்பை வாசிக்கும். வெளியே போக எந்தப் பூனைக்கும் வழி விடும். அதே கம்பனியின் டுவல்ஸ்கான் என்ற மாதிரி போகும்போதும் வாசிப்பதால் ஒரு பூனையை விட்டு மற்றதை மறிக்கலாம். இரண்டுமே வெளியே போய்வருபவை என்றால் அதற்கு மேலதிகக் காசு வீண்.

ஆனால் காசு கட்ட முன்னர் மேலே நிமிர்ந்து பாருங்கள். கொழும்பின் பழைய வீடுகளில் கதவுக்கும் யன்னலுக்கும் மேலே காற்றுக்காக விட்ட மரச்சித்திர இடைவெளி, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஓர் அடி வெளி, இப்படி ஏதாவது இருக்கும். மதிலில் ஏறும் கடுவனுக்கும், கூரைக்குள் குடியிருக்கும் மரநாய்க்கும் அது பெருவாசல். அதற்குக் கம்பிவலை அடிக்காமல் கீழே சிப் கதவு போடுவதில் பயனில்லை. இரண்டு பூனைக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியும் முடிந்தபிறகு கதவைத் திறந்துவிடுங்கள். பெட்டைக்குட்டி 4 மாதத்திலேயே சினைப்படக்கூடும்.

இனிக் கதவு. பலாமரக் கதவென்றால் பெரும்பாலும் 35 முதல் 45 மி.மீ. தடிப்பான சட்டமும், நடுவில் மெல்லிய பலகைகளும் கொண்டதாக இருக்கும். வெட்டவேண்டியது கீழ்ப்பலகையை மட்டுமே. சட்டத்தைத் தொட்டால் கதவின் பொருத்துகள் ஆட்டம் காணும். கீழ்ப்பலகை சமதளமாக இல்லாமல் நடுவில் மேடாகச் செதுக்கிய வகையென்றால் பூனைக்கதவின் சட்டகம் அதில் படிந்து உட்காராது. ஒரு மூலை தூக்கி நிற்கும், திருகாணியை இறுக்க இறுக்கச் சட்டகம் வளையும், மடல் உரசும். 'வாங்கின சாமான் சரியில்லை' என்று வரும் முறைப்பாடுகளில் பல இந்த வளைவால் வருபவையே. அப்படிப்பட்ட பலகையைக் கழற்றிவிட்டு 12 மி.மீ. மரீன் பிளைவூட் போடுவது சுத்தமான வேலை. பலகை ஓரச்சட்டத்தால் பிடிக்கப்பட்டிருந்தால் அந்த ஓரச்சட்டத்தை நெம்பி எடுத்தால் பலகை வந்துவிடும். காடிக்குள் இறக்கிய பலகையென்றால் கதவைப் பிரிக்காமல் எடுக்க முடியாது. அங்கே அந்த மேட்டைச் சட்டகத்தின் அளவுக்குச் சீவித் தட்டையாக்கச் சொல்லுங்கள்.

உயரத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. பூனை நிற்கும்போது நிலத்திலிருந்து அதன் வயிறு எவ்வளவு உயரம் என்று அளவுநாடாவால் பாருங்கள். வளர்ந்த பூனைக்கு 10 முதல் 15 செ.மீ. வரை வரும். மடலின் அடிவிளிம்பு அந்த உயரத்தில் இருக்கவேண்டும். இரண்டும் வேறு அளவென்றால் சின்னதின் அளவையோ, மூட்டு வலியுள்ள கிழட்டுப் பூனையின் அளவையோ எடுங்கள். உள்ளே அளந்தால் மட்டும் காணாது. நம் வீடுகளில் பின்வாசலுக்கு வெளியே கழுவும் முற்றம் ஓர் அடிவரை பதிந்திருக்கும். உள்ளே 12 செ.மீ. உயரத்தில் இருக்கும் மடல் வெளியே 40 செ.மீ. ஆகிவிடும். அங்கே பாய்ந்து ஏறவேண்டிய பூனை தலையை அண்ணாந்து நுழைக்கும். சிப் வாசிக்கும் கருவி குகைபோன்ற வாயின் மேற்பக்கத்தில் இருப்பதால், தோளிலுள்ள சிப் அதற்குக் கிட்ட வராது. கதவு திறக்காது, பூனை இரண்டு நாளில் வெறுத்துவிடும். வெளியே ஒரு படி கட்டுங்கள். நாலு கால்களும் ஊன்றி நிற்க ஆகக்குறைந்தது 30 செ.மீ. ஆழம் வேண்டும். இரண்டு சீமெந்துப் புளொக் கல்லைச் சேர்த்துப் போட்டாலும் காணும், மேலே வழுக்காத பூச்சு இருந்தால் சரி.

கிறில் கேற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கீழ்ப்பாதிக்குத் தகரம் அடித்த கேற்றென்றால் பூனைக்கதவுக்கு நேரே 6 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, விளிம்பை மடக்கிக் கொடுக்கச் சொல்லி வெல்டிங்காரரிடம் கேட்கவேண்டும். கம்பி மட்டுமென்றால் நடு இடைவெளியைப் பாருங்கள்; 4 அங்குலம் இருந்தால் பெரும்பாலான பூனைகள் போகும். கேற் மரக்கதவோடு ஒட்டி நின்றால் இரும்பு சிப் வாசிப்பைக் குழப்பும். ஆகவே கருவியை நிரந்தரமாகப் பொருத்த முன்னர் அந்த இடத்தில் ஒட்டு நாடாவால் நிறுத்தி, பூனையைத் தூக்கிக் காட்டிச் சோதியுங்கள்.

பின்கதவின் கீழ்த் தாழ்ப்பாளையும் கவனியுங்கள். இங்கே அநேகமான மரக்கதவுகளில் நிலத்தோடு ஒரு தாழ்ப்பாள் இருக்கும். மடல் அதற்குப் பக்கத்தில் வந்தால் ஒருவர் வெளியிலிருந்து கையைவிட்டு அதைக் கழற்றலாம். மேல்தாழ்ப்பாளும் சாவிப்பூட்டும் பூனைவாயிலிருந்து 70 செ.மீ. அப்பால் இருக்கவேண்டும். பூட்டில் சாவியைச் செருகிவைக்கும் பழக்கத்தையும் விடவேண்டும்.

வெட்டும் முறை. பெட்டிக்குள் மாதிரித்தாள் ஒன்று வரும். ஷுவர்ஃப்ளாப்புக்கு வெட்டு ஏறக்குறைய 165 மி.மீ. அகலம், 171 மி.மீ. உயரம், பூனை நுழையும் வாய் 142 க்கு 120. தாளில் உள்ள அளவே இறுதி அளவு; தொலைபேசியில் பார்த்துத் தச்சருக்குச் சொல்லாதீர்கள். கதவைக் கீலிலிருந்து கழற்றி இரண்டு வாங்கில் கிடத்துவது நல்லது. இரு முகத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ரசமட்டம் பிடித்துத் தாளை வையுங்கள். நாலு மூலைக்கும் உள்ளே 10 மி.மீ. துளை போட்டு, அதில் ஜிக்சோவை இறக்கி வெட்டவேண்டும். பலா வைரமான மரம். தடித்த பலகையில் அவசரப்பட்டால் ஜிக்சோவின் அலகு வளைந்து, மேல்முகத்தில் நேராக இருக்கும் வெட்டு கீழ்முகத்தில் சாய்ந்துவிடும். நடுத்தர வேகத்தில், அழுத்தாமல் போகச் சொல்லுங்கள். சட்டகம் ஓரத்தை மூடிவிடும் என்பதால் சில்லுப் பெயர்வதைப் பற்றிக் கவலையில்லை. சரிவு மட்டும் கூடாது.

வெட்டு, அதற்குள் போகும் சட்டகப் பகுதியைவிடச் சுற்றிலும் 1 முதல் 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் மரம் ஊதும். வெயில் காலத்தில் இறுக்கமாகப் பொருத்தியது ஜூனில் மடலை நெரிக்கும். வெட்டிய பச்சை விளிம்புக்கு வார்னிஷ் இரண்டு பூச்சுக் கட்டாயம். அதை விட்டால் மரம் தண்ணீர் குடிக்கும், பிளைவூட் என்றால் ஏடு ஏடாகப் பிரியும். கூடு கதவு, அதாவது உள்ளே காகிதத் தேன்கூடு வைத்த மெல்லிய கதவென்றால், வெட்டிய வாயைச் சுற்றி உள்ளே மரச்சட்டம் செருகி ஒட்டாமல் திருகாணி இறுக்காதீர்கள். இரண்டு முகமும் உள்ளே நசுங்கும்.

திருகாணியைக் கைத்திருப்பியால் மட்டும் இறுக்குங்கள். மின் ட்றில்லால் இறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும் அல்லது வளையும். நாலையும் அரைவாசி இறுக்கி, மடலைத் தட்டிப் பார்த்து, அது நடுவில் வந்து நின்றபிறகு மூலைக்கு மூலை மாறி மாறி முடியுங்கள். பெட்டியோடு வரும் திருகாணி உப்புக்காற்றில் கறல் பிடிக்கும். கடலோரமான மெரின் டிரைவ் பக்கமென்றால் 316 தர ஸ்டெயின்லெஸ், உள்ளே தள்ளியென்றால் 304 போதும். வெளிப்பக்கச் சட்டகத்தின் மேலும் இரு பக்கமும் சிலிக்கோன் பூசுங்கள். கீழ்ப்பக்கத்தைப் பூசவேண்டாம், புகுந்த தண்ணீர் வடிய வழி வேண்டும்.

பற்றரி நாலு ஏஏ, அல்கலைன். திரும்ப மின்னேற்றும் வகை 1.2 வோல்ட் என்பதால் கருவி சீக்கிரமே 'பற்றரி குறைவு' என்று காட்டத் தொடங்கும். பற்றரி மூடியை நன்றாக அடையுங்கள், எறும்பு கூடுவைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. பூட்டுநாக்கு விழும் பள்ளத்தில் மயிரும் மண்ணும் அடைந்தால் பூட்டு விழாது. மாதம் ஒருமுறை பழைய பல்தூரிகையால் தட்டுங்கள். மடலைச் சுற்றித் தூரிகை நாடா உள்ள மாதிரி கிடைத்தால் அதை எடுங்கள். டெங்கு நுளம்புக்கு 2 மி.மீ. இடைவெளி தாராளம்.

கதவைப் பொருத்த முன்னரே இரண்டு பூனையின் சிப்பையும் கருவியில் பதிந்துவிட்டு, முதல் வாரம் மடலை நூலாலோ ஒட்டு நாடாவாலோ முழுதாகத் தூக்கிக் கட்டிவையுங்கள். சாப்பாட்டுத் தட்டை மறுபக்கத்தில் வைத்துக் கூப்பிடுங்கள். பிறகு பாதி இறக்கி இரண்டு மூன்று நாள், பிறகு முழுதாக. பிடித்துத் தள்ளிப் பழக்கவேண்டாம். ஒருமுறை தள்ளுப்பட்ட பூனை அந்தப் பக்கமே போகாது. பூட்டு விழும் 'டிக்' சத்தத்துக்குப் பயந்தால் பூட்டுச் செயற்பாட்டைக் கடைசியாகத் தொடங்குங்கள். பழகியபின் சாப்பாட்டை மடலிலிருந்து தூரத்தில், வேறு அறையில் வையுங்கள். மீன்வாசம் அடித்தால் கடுவன் மட்டுமல்ல, கால்வாயோரத்துக் கபரகொய்யா என்ற நீருடும்பும் வந்து மோந்து பார்க்கும். உங்கள் பூனை உயிரோடு எலியைக் கவ்விக்கொண்டு வருவதை எந்தச் சிப்பும் தடுக்காது.

பின்னூட்டங்களில் எப்படியும் கேட்பார்கள் என்பதால் கண்ணாடிக் கதவு, தொடர்மாடி வீடு இரண்டையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கதவு பதப்படுத்திய கண்ணாடியென்றால் அதில் துளையிட முடியாது, முழுதும் பொடியாகிவிடும். அளவு கொடுத்து, துளை போட்ட பிறகு பதப்படுத்திய புதுக் கண்ணாடிதான் எடுக்கவேண்டும். தொடர்மாடியில் நடைபாதைக்குத் திறக்கும் முன்கதவு தீத்தடுப்புக் கதவாக இருக்கலாம், அதில் கைவைக்கவேண்டாம். பல்கனிக்கு வைப்பதென்றால் முதலில் பல்கனி முழுவதற்கும் வலை அடியுங்கள். மாடியிலிருந்து பூனை விழுந்தால் தப்பும் என்பதை நம்பி வைக்காதீர்கள்.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கழற்றிய பழைய பலகையை, அல்லது வெட்டி எடுத்த துண்டை, பத்திரிகைத் தாளில் சுற்றி, எந்தப் பக்கம் மேலே என்று பென்சிலால் குறித்து, மழை படாத இடத்தில் வையுங்கள். போகும் நாளில் தச்சருக்கு அது அரை நாள் வேலை.